மாதப் போட்டி வேண்டுமா, பேச்சு மட்டும் போதுமா?

கேள்வி – 2 ஜூன் 2024
மட்டக்களப்பில் நம் புகைப்படக் கழகத்துக்கு வரத் தொடங்கி ஒரு வருடம். நாலு மாதப் போட்டிக்குப் படம் கொடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் வெல்வது தோணி, வலை, அந்திச் சூரியன். நடுவருக்குப் பிடித்ததை எடுத்துப் பழகவா வருகிறோம்? போட்டியை விட்டுவிட்டு மாதம் இரண்டு பேச்சு வைத்தால் என்ன? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

3 ஜூன்
நிறுத்தக் கூடாது. நான் வந்து பதினொரு வருடம். போட்டி இல்லாதிருந்தால் என் கையில் ஒரு பிரிண்ட்கூட இருந்திராது. மாதக் கடைசி ஞாயிறு என்று ஒரு கெடு இருந்தபடியால்தான் டிஸ்கில் கிடந்த ஆயிரக்கணக்கான படங்களில் மூன்றைப் பொறுக்கப் பழகினேன். எடுப்பது சுலபம், கழிப்பதுதான் கடினம். ஏறாத அந்த நாலு படத்தையும் இங்கே போடுங்கள் தம்பி, பார்ப்போம்.

தோணி வெல்வதற்கு நடுவரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. நாற்பது படம் வந்தால் அதில் பாதியில் தோணி நிற்கிறது. வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற ஊர் இது. கமரா வாங்கியவன் முதலில் போய் நிற்பது கல்லடிப் பாலத்தில்தான். நானும் அங்கேதான் நின்றேன்.

3 ஜூன், இரவு
ஒன்றை விட்டுவிட்டேன். நம் போட்டியில் ஒரு படம் திரையில் நிற்பது பதினைந்து விநாடி. அதற்குள் மூன்று நடுவரும் பத்துக்கு எத்தனை என்று எழுதிவிட வேண்டும். பதினைந்து விநாடியில் எது புரியும்? கறுத்த உருவம், செம்மஞ்சள் வானம், நடுவில் விரிந்த வலை. சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு தாயின் முகத்தைப் படிக்க ஒரு நிமிடமாவது வேண்டும். அந்தப் படத்துக்கு ஐந்து விழும். ஆக, நடுவரின் ரசனையைவிட நேரந்தான் தோணியை வெல்ல வைக்கிறது. பிரிண்டை ஒரு மணித்தியாலம் முன்னரே மேசையில் பரப்பி வைத்து, நடுவர்கள் தேநீரோடு சுற்றிப் பார்த்த பிறகு மார்க் போட்டால் முடிவு மாறும் என்று நினைக்கிறேன்.

8 ஜூன்
நீங்கள் போட்ட நாலு படமும் பார்த்தேன், சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவின் படமும் அதில். மூன்றில் ஒரே பிழை. முகம் வெயிலில் கண்ணிமைக்குக் கீழே குழி விழுந்து கிடக்கிறது. பகல் பதினொன்றுக்கு எடுத்திருக்கிறீர்கள். மட்டக்களப்பு ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சரிவதில்லை. அந்த வெளிச்சத்தில் ஆரைப் பிடித்தாலும் கண் தெரியாது. திண்ணை நிழல், சந்தைக் கூரையின் ஓரம், வேப்ப மரத்தடி, இப்படி ஒரு இடத்துக்கு ஆளைக் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று. சூரியன் தாழ நிற்கும்போது வருகிற மென்மையான வெளிச்சத்தை யூடியூபில் ‘பொன்வேளை ஒரு மணித்தியாலம்’ என்று சொல்வதை நம்பிக் காலை ஏழு மணிக்குக் கடற்கரைக்கு வருகிறார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறும். இங்கே ஏறத்தாழ நேர்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர நமக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். இந்த மாதம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முந்தி உதிக்கிறது. ஆறேகாலுக்குக் கதை முடிந்துவிடும். இருட்டோடு போய் நில்லுங்கள்.

இதையெல்லாம் எனக்குப் போட்டி சொல்லித்தரவில்லை. ஒரு பேச்சில் கேட்டது. சரி, உங்கள் கேள்விக்கு நான் முதலில் எழுதிய பதில் அரைப் பதில்தான்.

16 ஜூன்
பேச்சு என்றால் எந்தப் பேச்சு? கொழும்பிலிருந்து வந்து விலைகூடிய லென்ஸைக் காட்டிவிட்டுப் போகிற பேச்சில் எனக்கு ஒன்றும் ஒட்டியதில்லை. ஒட்டியது, நகரில் நாற்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் பேசியது. புரொஜெக்டர் கேட்கவில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி கொண்டுவந்தார், உள்ளே நெகட்டிவ். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கல்யாணப் பெண் ஒருத்தியின் நெகட்டிவில் கன்னத்தில் நுண்ணிய பென்சில் கீறல்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் அப்படித்தான் மறைத்தார்களாம். “தழும்ப மறைச்சுத் தா எண்டு கேட்டா மறைச்சுக் குடுப்பன். புள்ளய வெள்ளையாக்கித் தா எண்டும் கேப்பாங்க. அதையும் செஞ்சன். இப்ப நினைச்சா அதுதான் மனசுக்குள்ள கிடக்கு.” இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அன்றைக்குத்தான் கேட்டேன், கமராவின் ஒளி மீற்றர் எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும் என்று. பதினெட்டு வீதம் ஒளியைத் திருப்புகிற சாம்பல். கறுத்த முகம் சட்டம் நிறைய இருந்தால் கமரா அதை வெளுக்க வைக்கும், வெளிச்சத்தை முக்கால் படியோ ஒரு படியோ குறைக்க வேண்டும். அதே முகத்துக்குப் பின்னால் வாவி மின்னினால் கமரா பயந்து இருட்டாக்கும், அப்போது ஒரு படி கூட்ட வேண்டும். கொடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச்சரிபார்ப்பு அட்டையில் பல வருடம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் என்பதையும் அவர்தான் சொன்னார். நம் சனத்தின் தோல் ஏன் பழைய அல்பங்களில் ஒன்றில் கரியாகவும் ஒன்றில் சுண்ணாம்பாகவும் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

18 ஜூன்
பிரிண்ட் அடிக்கிற லாபில் இன்றைக்கும் அந்த வெளுப்பு நடக்கிறது. போன மாதம் நான் கொடுத்த பிரிண்டில் ஒரு கிழவரின் முகம் இரண்டு படி வெளுத்து வந்தது. மெஷினில் தானாகத் திருத்தும் வேலை போட்டிருந்தார்கள். ‘திருத்தம் வேண்டாம், இருந்தபடி அடியுங்கள்’ என்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள்.

23 ஜூன்
இயற்கைப் பிரிவு பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: மனிதன் செய்த எது தெரிந்தாலும் அந்தப் படம் இயற்கைப் பிரிவுக்கு ஆகாது. ஒரு தங்கச்சி கொடுத்த, வலைக்கம்பில் இருந்த மீன்கொத்தியின் படத்தைப் போட்டியில் தள்ளியது சரிதான்.

24 ஜூன்
நேற்று எழுதியது பிழை. விதியை எடுத்து மறுபடி படித்தேன். சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப்பும் அமெரிக்க, பிரித்தானியச் சங்கங்களும் சேர்ந்து எழுதி 2015 முதல் நடைமுறைக்கு வந்த வரைவிலக்கணம் அது. மனிதச் சுவடு அந்த உயிரின் கதையில் பிரிக்க முடியாத பங்காக இருந்தால் இருக்கலாம் என்கிறது. வைக்கோல் கொட்டிலில் வாழும் ஆந்தையை அதுவே உதாரணம் காட்டுகிறது. நம் வாவியில் மீன்கொத்தி வலைக்கம்பில் இருந்துதான் இரை பார்க்கிறது. அந்தப் படம் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று இப்போது வாதாடுவேன். தள்ளும் பக்கம் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தங்கச்சியிடம் நேரில் சொல்கிறேன்.

ஆனால் ‘கம்பை அழித்துவிட்டு மறுபடி கொடு’ என்று யாரோ அவவிடம் சொன்னார்கள், பாருங்கள், அதைத்தான் அந்த விதி அடியோடு தடுக்கிறது. ஓரத்தை வெட்டலாம். சென்சரில் விழுந்த தூசியைத் துடைக்கலாம். படத்துக்குள் இருந்ததை எடுக்கவோ இல்லாததை வைக்கவோ கூடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2009இல் வென்ற ஓநாய்ப் படம் அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே பறிக்கப்பட்டது, அது பழக்கிய ஓநாயாக இருக்கும் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால். 2018இல் எறும்புதின்னிப் படம் ஒன்றும் போனது, பாடம்செய்து வைத்த உடலைக் கொண்டு எடுத்தது என்று.

மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் பியானோக்காரரும்கூட, 1944இல் 44 வயதில் போய்விட்டார். இருட்டறையில் அவர் செய்யாத மாற்றமில்லை. ஒளியைத் தலைகீழாக்கினார், இரண்டு நெகட்டிவை ஒட்டினார். அதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. ‘இது நடந்தது’ என்று சொல்லிக் கொடுக்கிற படம் வேறு.

24 ஜூன், நள்ளிரவு
மேலே எழுதிய கடைசி வரியை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

2016இல் நான் முதற்பரிசு எடுத்த படம் பலருக்குத் தெரியும். வாவிக்குள் இடுப்பளவு தண்ணீர், ஒரு மனிதர் வீச்சுவலையை எறிகிறார், வலை முழு வட்டமாக விரிந்திருக்கிறது, அதற்குள் சூரியன். இரண்டு நடுவர் ஒன்பது போட்டார்கள், ஒருவர் பத்து. மக்கள் வாழ்க்கை என்ற பிரிவில் கொடுத்தது.

அது வாழ்க்கை இல்லை. நான் அவரைக் கரையில் கண்டு, ஒருக்கா எறிங்க மாமா என்று கேட்டேன். எறிந்தார். வலை சரியாக விரியவில்லை, மறுபடி எறியச் சொன்னேன். எட்டுத் தடவை எறிந்தார். அவருடைய இடுப்பில் மீன் போடுகிற பறி கட்டியிருந்தது. உருவத்தின் கோடு அதனால் கெட்டுப்போகிறது என்று கழற்றி வைக்கச் சொன்னேன். கழற்றிக் கரையில் வைத்தார். போகும்போது ஐந்நூறு ரூபா கொடுத்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

30 ஜூன்
பலர் ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். படத்தை 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தேடிப் போகப் போகிறேன். எட்டு வருடம் தாமதம்.

இன்றைய போட்டி பற்றி: பிரிண்டை முன்னரே மேசையில் பரப்பிப் பார்த்தோம். வென்றது ஒரு தையல்காரப் பெண்ணின் கைகள். தோணி மூன்றாவது.

7 ஜூலை
கண்டுபிடித்தேன். பாலத்தடியில் விசாரித்தால் இரண்டாவது ஆளே சொல்லிவிட்டார். நாவலடியில் இருந்தவர்கள், 2004 சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் வீடு கிடைத்துப் போயிருக்கிறார்கள். இப்போதும் சைக்கிளில் வாவிக்கு வருகிறார்.

பிரிண்டை விரித்ததும் மாமா சிரித்தார். வீட்டு மாமிதான் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு கேட்டா: “இதென்ன மனே, பறி எங்க? பறி இல்லாம ஆரு வலைக்குப் போறது?” நான் சொல்வதற்குள் மாமா சொன்னார்: “தம்பிதான் கழட்டச் சொன்னவர். அந்த நேரத்துல அந்த இடத்துல மீனும் இல்லகா.”

மூன்று நடுவர்கள், நாற்பது உறுப்பினர்கள், கண்காட்சிக்கு வந்த சனம், எட்டு வருடம் யாருக்கும் தெரியாதது அவவுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அது அவர்களுக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். மறுகா வாங்க, அதிகாலை வாங்க, அப்பதான் வலை போடுறது என்றார் மாமா.

8 ஜூலை
‘அப்படியென்றால் எதையும் ஒழுங்குபடுத்தி எடுக்கவே கூடாதா’ என்று கேட்டவருக்கு. ஸ்டூடியோவில் நாடி நிமிர்த்தி உட்காரச் சொல்வதும் ஒழுங்குதான். அது இரண்டு பேரும் தெரிந்து செய்வது. நான் செய்தது, ஒருவருடைய தொழிலைத் தொழிலாகத் தெரியாதபடி துடைத்துவிட்டு அதற்குத் தொழிலின் பெயர் வைத்தது. தலைப்பில் ‘கேட்டு எறிய வைத்தது’ என்று போட்டிருந்தால் பாதிப் பிழை குறைந்திருக்கும். பரிசும் கிடைத்திருக்காது.

14 ஜூலை
காலை நாலரைக்குப் போனேன். பறியோடு எடுத்தேன். வலை பாதிதான் விரிந்த படம், பின்னால் இன்னொரு தோணிக்காரரின் முதுகு, வெளிச்சம் குறைவு, கமராவின் ஒளியுணர்வை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்ற வேண்டியிருந்தது. பறிக்குள் மெலிந்த மீனாக நாலைந்து. இந்த மாதம் இதைத்தான் கொடுக்கிறேன்.

19 ஜூலை
கடற்கரையில் நிலவு எழுவதை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விசயம். பௌர்ணமியன்று நிலவு எழும்போது சூரியன் போய்விடும். நிலவு வெள்ளைப் பொட்டாகவும் கரை இருட்டாகவும் வரும். முந்தின நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னால் எழும், கரையிலும் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை நாளை, 20ஆம் திகதி. ஆனால் நிலவு நிறைவது 21 பிற்பகல். ஆகவே இம்முறை போயா நாளே அந்த முந்தின நாள். கலண்டரை மட்டும் பார்த்து இன்றைக்குப் போக வேண்டாம்.

28 ஜூலை
பறிப் படத்துக்கு ஆறு, ஐந்து, ஆறு. ‘வலை விரியவில்லை, பின்னணி குழப்பம்’ என்றார்கள். இரண்டும் உண்மை. கூட்டத்தில் எழுந்து 2016 படத்தின் கதையைச் சொன்னேன், பரிசுக் கிண்ணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். செயலாளர் வாங்க மறுத்தார். கழக அலுமாரியில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு யோசனை வைத்தேன்: மக்கள் பிரிவில் ஒரு முகம் தெரிகிற படம் கொடுப்பவர், அந்த ஆளுக்கு முதலில் ஒரு பிரிண்ட் கொடுத்திருக்க வேண்டும். நாலுக்கு ஆறு என்ற அளவில் சின்னது போதும். கொடுக்கும்போது அவர் சொன்ன ஒரு வசனத்தைப் படத்தின் பின்னால் எழுத வேண்டும். அம்பாறையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ‘போகிற வழியில் எடுத்த ஆளை எங்கே தேடுவது’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தேட முடியாத படத்தைத் தெரு என்ற பிரிவில் கொடுக்கலாம் என்று முடிந்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தம்.

4 ஆகஸ்ட்
இன்று ஆடி அமாவாசை, மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தம். கமரா கொண்டுபோனேன். தகப்பனை இழந்தவர்கள் கடன் செலுத்துகிற இடம். முகத்துக்கு முன்னால் லென்ஸ் நீட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர், இரண்டு பேர் எங்கள் கழகச் சட்டை. கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு என் தகப்பனுக்காக நானும் இறங்கினேன். அந்த இரண்டு பேரோடும் பிறகு கதைக்க வேண்டும்.

11 ஆகஸ்ட்
திராய்மடு மாமி ஒரு வேலை தந்திருக்கிறா. சுனாமியில் அல்பம் எல்லாம் போனது. தாயின் படம் ஒன்றே மிச்சம், அடையாள அட்டை அளவு, இடப்பக்கக் கன்னத்தில் உப்புத்தண்ணிக் கறை. “இதப் பெருசாக்கித் தரேலுமா மனே?”

நனைந்த படங்களைப் பற்றி அந்த ஸ்டூடியோப் பெரியவர் சொன்னதை எழுதிவைக்கிறேன், வெள்ளம் வருகிற ஊர் நமக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் அவருடைய கடைக் கூரை போய் நெகட்டிவ் எல்லாம் நனைந்ததாம். நனைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாதீர்கள், காய்ந்தால் பிரியாது. நல்ல குளிர்ந்த தண்ணியில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் தனித்தனியே பரப்புங்கள். வெயில் வேண்டாம். இது ஸ்டூடியோவில் கழுவிய பழைய படங்களுக்கு. இங்க்ஜெட்டில் அடித்ததை அலசினால் மை போய்விடும்.

18 ஆகஸ்ட்
ஜன்னல் வெளிச்சத்தில், கமராவைப் படத்துக்கு நேர்மட்டமாக வைத்து, மெக்ரோ லென்ஸால் எடுத்தேன். கறை இருந்தபடி ஒரு பிரிண்ட். பிறகு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டேன். கறை போய், இரண்டு கண்ணும் தெளிந்து, கன்னம் நிறைந்து, அழகான ஒரு பெண் வந்தா. எனக்கே சந்தோசமாக இருந்தது. இரண்டையும் கொண்டுபோகிறேன்.

25 ஆகஸ்ட்
அழகான படத்தை முதலில் கொடுத்தேன். மாமி வாங்கி நெடுநேரம் பார்த்தா. “ஆர் இது?” என்றா. அம்மா என்றேன். தலையை ஆட்டினா. “இது அம்மா இல்ல மனே.” மற்றதை எடுத்துக் கறைக்கு மேல் விரலை வைத்து, “இது அம்மா. ஒள்ளுப்பம் தண்ணி பட்டிருக்கு.”

அந்தப் பிரிண்ட் இப்போது அவர்களுடைய முன்வீட்டுச் சுவரில், வலைப் படத்துக்கு நேரெதிரே. வலைப் படத்தின் பின்னால் மாமி சொன்னதை எழுதி வைத்துவிட்டு வந்தேன்: பறி எங்க?

அடுத்த மாதப் பேச்சு என்னுடையது என்று செயலாளர் போட்டிருக்கிறார். இரண்டு பிரிண்டும் கொண்டுவருவேன். தம்பி, அந்த மரக்கறிக்கார அம்மாவின் படத்தை அவவிடம் கொடுத்தாச்சா? என்ன சொன்னா என்று எழுதுங்கள்.